லிவர் தானே இறங்கும்

சின்ன லேத்தில் முதலில் எதைக் கழற்றி எறிய வேண்டும் என்று இனி யாரும் என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். எழுபதை நெருங்கும் வயதில் அது எனக்கும் நல்லதல்ல, கேட்கிறவருக்கும் நல்லதல்ல.

எங்கள் பழைய பணிமனைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கிறது. போன மாதம் அதில் ஒரு வீடியோ வந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன லேத்தில் என்னென்ன மாற்றலாம் என்று ஒருவன் விளக்குகிறான். சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறான். இரும்புத் துண்டைப் பிடித்துச் சுற்றும் மூன்று தாடைச் சக்குக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, அதைக் கழற்றுகிறான். மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாமல் தடுக்க ஒரு சுவிட்ச் உண்டு. அதன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டு, "இதுதான் ஃபர்ஸ்ட் அப்கிரேட்" என்கிறான். எங்கள் குரூப்பில் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பதினைந்து பேரும் லேத்தில் கடைசல் பிடித்த டர்னர்கள். கட்டைவிரல் மிச்சம் இருப்பதால்தானே தூக்குகிறீர்கள் என்று எழுதப் போய், அழித்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசி ஆறு வருஷம் எனக்குக் கீழே வேலை பார்த்த வினோத் அடுத்த நிமிஷமே எழுதினான். "ஆசானே, நிங்களும் மூடியைக் கழற்றிக் களஞ்ஞதல்லே? போட்டோவில் கண்டு." நீயும் தூக்கிப் போட்டவன்தானே என்கிறான். உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன் பெருமையாக என் லேத்தை நாலு பக்கமும் படம் எடுத்து அந்தக் குரூப்பில் போட்டவன் நான். மூடி இல்லாத சக் பளபளவென்று தெரியும். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். இப்போது, "சின்ன லேத்தை எப்படியெல்லாம் மாற்றினீங்கன்னு ஒரு கட்டுரை எழுதுங்க ஆசானே, பத்து பாயிண்ட் போதும்" என்கிறார்கள்.

பத்து பாயிண்ட் கிடையாது. நடந்ததை எழுதுகிறேன். வேண்டுமானால் படியுங்கள்.

நாகர்கோவிலில் ஐ.டி.ஐ. படித்தேன். முதல் ஆறு மாதம் ஒரு இரும்புக் கட்டியை அரத்தால் ராவிச் சதுரமாக்கியதைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. இருபத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். எந்தப் பணிமனை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இப்போது வேலை செய்யும் நல்லவர்களுக்குச் சங்கடம்.

எங்கள் ஃபோர்மேன் செல்லப்பன் சார். அவரும் என்னைப் போல நாஞ்சில்நாட்டுக்காரர். ஆனால் பணிமனைக்குள் நுழைந்துவிட்டால் மலையாளம் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார், என்னிடமும் கூட. சத்தம் போட மாட்டார். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். அவர் நிற்பது தெரிந்ததும் கை தானாகச் சரியாக வேலை செய்யும். சக் சாவி விஷயத்தில் மட்டும் அவர் கண்டிப்பு பயங்கரமானது. சக்கின் தாடையை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சாவி உண்டு. ஒரு சாண் நீளம், தலையில் குறுக்குக் கம்பி, கையில் எடுத்தால் நல்ல கனம். அதைச் சக்கில் மாட்டியபடி விட்டுவிட்டு மோட்டாரை ஓட்டினால் கல்லெறிந்த மாதிரி பறக்கும். சாவி ஒன்று உன் கையில் இருக்க வேண்டும், இல்லை ஸ்டாண்டில் இருக்க வேண்டும், மூன்றாவது இடம் அதற்குக் கிடையாது என்பார். யாராவது சக்கில் விட்டிருப்பதைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சாவி இல்லாமல் வேலை ஓடாது. அவருடைய அறைக்குப் போய், எல்லாரும் பார்க்க, "சாவி தரணும் சார்" என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரு தடவை கேட்டவன் மறுபடி கேட்க மாட்டான்.

இவ்வளவு கண்டிப்பான மனுஷனை நான் எப்படி வெறுக்கத் தொடங்கினேன் என்பதற்கு வருகிறேன். முதலில் லேத்.

ரிட்டயர் ஆனதும் ஒரு சின்ன லேத் வாங்கினேன். மரப்பெட்டியில் வந்தது. அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் ஒர்க் ஏரியாவில் வைத்தேன். அம்மியும் கிரைண்டரும் இருந்த இடம். என் மனைவி பகவதி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. லேத்தைப் பார்த்தபோது எனக்கும் யாரோடும் பேசத் தோன்றவில்லை. பலகாரம் மாதிரி பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், உளியைத் தாங்கி நகர வேண்டியது, ஆனால் கையை வைத்தாலே ஆடும் கேரேஜ், கூழாங்கல் உருட்டுகிற மாதிரி சத்தம் போடும் பேரிங். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆத்திரம் வந்தது.

ஒவ்வொன்றாக மாற்றினேன். ஆரியசாலைக் கடைகளில் நாலு நாள் அலைந்து டேப்பர் ரோலர் பேரிங் வாங்கி, சக்கைச் சுற்றும் ஸ்பிண்டிலில் தட்டாமல் கொள்ளாமல் சூடாக்கி ஏற்றினேன். கேரேஜ் ஆடியது சந்தில் இருந்த தகடு வளைந்திருந்ததால்தான். அதற்குப் பித்தளையில் புதுத் தகடு ராவிப் போட்டேன். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துப் பார்த்தால் முள் அசையவில்லை. அன்று பகவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அசையலேன்னா அது கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். பெரிய சக் ஒன்றைப் பொருத்தினேன். அது அந்த மூடிக்குள் அடங்கவில்லை. மூடியைக் கழற்றினேன், சுவிட்சின் வயரை முறுக்கினேன். வீடியோக்காரன் செய்த அதே வேலை. முப்பத்தாறு வருஷம் லேத்தில் நின்றவனுக்கு எதற்கு மூடி என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் விழுந்த இடியில் அதன் எலக்ட்ரானிக் போர்டு கருகியது. கரண்ட் போய் வந்தாலும், வேகக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பாமல் மோட்டார் ஓடாதபடி வைத்திருந்தது அந்தப் போர்டுதான். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் குமிழைத் திருப்பிப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். என் கைக்குப் பழக்கம் லிவர். போர்டு போனதே நல்லது என்று, பகவதியின் பழைய கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டி, சுவிட்சுக்கு ஒரு லிவர் செய்தேன். பணிமனையில் நான் ஓட்டிய நம்பர் நாலு லேத்தில் இருந்ததைப் போலவே. லிவர் நடுவில் இருந்தால் மோட்டார் நிற்கும். மேலே தூக்கினால் சக் நேராகச் சுற்றும். கீழே அழுத்தினால் ரிவர்சில் சுற்றும். நடுவில் நிற்பதற்கு ஒரு குண்டும் ஸ்பிரிங்கும். சைக்கிள் குண்டு, பேனா ஸ்பிரிங். அளவெல்லாம் மனசிலிருந்தே வந்தது, ஒரு காகிதம் பார்க்கவில்லை. எத்தனை பெருமை எனக்கு.

நம்பர் நாலு லேத்தின் லிவரை நான் மறந்திருக்க முடியாது. சசிதரனின் வலது கண்ணைப் பறித்தது அது.

சசி என்னோடு ஒரே மாதத்தில் சேர்ந்தவன். விதுரைப் பக்கத்துக்காரன். தமிழும் மலையாளமும் கலந்து பேசி நாங்கள் இரண்டு பேரும் ஒரு மூன்றாவது பாஷை வைத்திருந்தோம். என்னைவிட நல்ல டர்னர். இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் குறைச்சலில்லை. கடைசி நூலளவை எடுக்கும்போது அவன் மூச்சை அடக்கிக்கொள்வான், அளந்தால் சரியாக இருக்கும்.

அன்று மூன்று மணி டீக்கு மணி அடித்தது. டீ இரண்டு பேட்ச். நான் முதல் பேட்ச். அவசர வேலை என்பதால் நான் திரும்பி வரும்வரை சசி என் மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்தான். நான் டம்ளரோடு பத்தடி தள்ளி நின்றேன். மோட்டார் சத்தம் கேட்டது, கூடவே டங்கென்று ஒரு சத்தம். திரும்பினேன். சசி முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்கால் போட்டிருந்தான். சக் ரிவர்சில் சுற்றிக்கொண்டிருந்தது. சாவி பின்பக்கச் சுவரடியில் கிடந்தது.

டர்னர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சக் நேராகச் சுற்றினால் நம் பக்கம் மேலிருந்து கீழே இறங்கும். சாவி மாட்டியிருந்தால் கீழே போய் லேத்தின் இரும்புப் பெட்டில், அதாவது அடித்தளத்தில், அடிக்கும். ரிவர்சில் சுற்றினால் கீழிருந்து மேலே ஏறும். குனிந்திருப்பவன் முகத்துக்கு வரும். சசியின் கன்னத்து எலும்பு உடைந்திருந்தது, புருவத்தில் ஒரு கீறல் இல்லை. கீழிருந்து வந்த அடி. வேலை தொடங்குகிற எவனும் ரிவர்சில் தொடங்க மாட்டான். போதாததற்கு அவன் காலடியில் வெர்னியர் கிடந்தது. இரண்டு கையாலும் வெர்னியரைப் பிடித்துக் குனிந்து அளந்துகொண்டிருந்தவன் எந்தக் கையால் லிவரை அழுத்துவான்? அந்த லிவரின் ஸ்பிரிங் செத்துப் போயிருந்தது. நடுவில் நிற்காமல் தானே இறங்கும். இரண்டு வாரத்துக்கு முன்பே மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரில் நானே எழுதியிருந்தேன்: நம்பர் நாலு லேத், லிவர் லூஸ், தானே இறங்குகிறது. செல்லப்பன் சார் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு, இந்த அவசர வேலை முடியட்டும் என்றார்.

விசாரணைக்கு ஆள் வருவதற்கு முந்தின நாள் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். தமிழில் பேசினார்.

"உக்காரு மக்கா. லிவர் எறங்குனதை நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கல சார். சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்."

"பாக்காததை எதுக்கு எழுதணும்? பாத்ததை எழுது. சாவி சக்குல இருந்துது. மெஷின் ஓடிச்சு. அவ்வளவுதான்."

"ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கேனே சார்."

"ரெஜிஸ்டரை யாரு கேட்டா?" பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்கோம். நாம ஒருத்தருக்கொருத்தர் தாங்கலேன்னா யாரு தாங்குவா, சொல்லு."

பத்து வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசாத மனுஷன். பொய்க்கு மட்டும் தாய்மொழி வேண்டியிருந்தது அவருக்கு. இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. அன்று எரியவில்லை என்பதுதான் கேவலம். அன்று எனக்கு, நம்மை மனுஷனாக மதித்து உட்கார வைத்தாரே என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சசிக்கு நடந்ததும் அதற்குப் பின் மூன்று நாளும் நினைவில்லை. சாவியை விட்டதும் மெஷினை ஓட்டியதும் நீதான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் மலையாளத்தில் ஒரே வார்த்தை, 'அஸ்ரத்த'. கவனக்குறைவு. லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். அவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு ரிட்டயர் ஆகும்வரை நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தான். நம்பர் நாலு லேத்தின் ஸ்பிரிங்கை அந்த வாரமே மாற்றினார்கள். மாற்றியதே நான்தான்.

நான் எப்படிச் சோறு தின்றேன் என்று கேட்பீர்கள். கண்ணால் பார்க்கவில்லையே, ஒருவேளை அவன் முழங்கை பட்டிருக்கலாமே. இதைச் சொல்லிச் சொல்லியே தின்றேன். வருஷா வருஷம் ஓணத்துக்கு அவன் வீட்டுக்கும் போய்த் தின்றேன்.

இந்த வருஷம் ஆனியில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். லேத்தில் ஒரு கம்பியை மாட்டி இறுக்கினேன். சாவி சக்கில் இருந்தது. உளியை எடுக்க அலமாரிப் பக்கம் ஒரு எட்டுத்தான் வைத்தேன். கண் மட்டும் லேத்தின் மேல் இருந்தது. பக்கத்தில் பகவதியின் வாஷிங் மெஷின் துணி பிழிந்து தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் செய்த லிவர், என் பேனா ஸ்பிரிங், என் சைக்கிள் குண்டு, மெதுவாக, யாரும் தொடாமல், கீழே இறங்கியது. மோட்டார் பிடித்தது. சாவி மேலே பறந்து டியூப் லைட்டை உடைத்துக்கொண்டு கூரையில் மோதி விழுந்தது. நான் ஒரு நிமிஷம் முன்னால் குனிந்து நின்ற இடம் முழுக்கக் கண்ணாடித் தூள்.

பகவதி ஓடி வந்து மெயினை அணைத்தாள். தூளையும் லேத்தையும் என்னையும் பார்த்தாள்.

"யாரு ஸ்டார்ட் பண்ணினா?"

"யாரும் பண்ணல. தானே இறங்குச்சு."

துடைப்பத்தை எடுத்து வந்தாள் அவள். அப்புறம், "சசியண்ணன் தானே ஓட்டினாருன்னுல்லா எங்கிட்ட சொன்னீங்க" என்றாள்.

மறுநாள் தம்பானூரில் பொன்மூடி பஸ் ஏறினேன். கல்லாற்றில் சசிக்கு ஒரு சின்னக் கடை. மலைக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில், சிப்ஸ், நாரங்கா மிட்டாய். சிப்ஸ் பாக்கெட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "ஒற்றைக்கா வந்தது? பகவதி வரலியா? இரி, சாயா போடச் சொல்றேன்" என்றான். சாயா வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். லிவர், ரெஜிஸ்டர், சாரின் அறை, கையெழுத்து, நேற்று என் வீட்டில் நடந்தது. அவன் கோப்பதை நிறுத்தவில்லை. கடைசி பாக்கெட்டையும் கோத்து, கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் திரும்பினான்.

"அந்த ரெஜிஸ்டர் என்டெ கையிலாடா இருந்தது" என்றான். "பழைய புக்கெல்லாம் ஸ்டோர்லதானே கொண்டு வந்து போடுவாங்க. முதல் வருஷமே ஞான் அதை வாயிச்சு. லிவர் லூஸ், தானே இறங்குகிறது. உன்டெ கையெழுத்து எனக்கு அறியாதா?"

"அப்போ ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீயே பறயும்னு இருந்தேன். இந்த ஓணத்துக்குப் பறயும், அடுத்த ஓணத்துக்குப் பறயும். நீ பாயசம் குடிச்சிட்டுப் போவே." அவன் குரல் உயரவே இல்லை. "கண்ணு போனது போகட்டே. என்னை ஜோலி அறியாதவன்னு எழுதி வச்சாங்களே. அச்சா, கண்ணு எப்படிப் போச்சுன்னு என் மோள் கேட்டா. என்டெ அஸ்ரத்தன்னு சொன்னேன். பெத்த மோள்கிட்ட. நீ அடுத்த ரூம்ல இலை போட்டு ஊணு கழிச்சிட்டிருந்தாய் அன்னிக்கு."

"தப்புதான் சசி. மன்னிச்சுக்கோ."

"உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம். எழுது. குரூப்பில எழுது. ஞானும் அதிலதான் இருக்கேன், மிண்டாம இருக்கேன். உன்னை ஆசானேன்னு விளிக்கிறவங்க எல்லாம் படிக்கட்டே." தனக்குத்தானே கணக்குத் தீர்க்கிறவன் மாதிரி சொன்னான். "சாவியைச் சக்கில விட்டது என்டெ தெற்று, என் தப்பு. அது ஞான் சம்மதிச்சு. ஆனா மெஷினை ஞான் ஓட்டல."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

லிவரைக் கழற்றியாயிற்று. சக்குக்குப் பெரிய மூடி ஒன்று அக்ரிலிக்கில் செய்து, சுவிட்சை மறுபடி மாட்டியிருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன். இந்த மூன்றையும் செய்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். செய்ய மாட்டேன் என்பவன் என்னை ஆசானே என்று கூப்பிட வேண்டாம்.

சசிதரன் அன்று மெஷினை ஓட்டவில்லை. லிவர் தானே இறங்கியது. அது இறங்கும் என்று எனக்குத் தெரியும், ஃபோர்மேனுக்கும் தெரியும். தெரிந்தே நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். இது சசி எழுதச் சொன்னது.

சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. கல்லாற்றில் அவன் சாவியைப் பற்றிச் சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து, அவன் முகத்துக்கு நேரே நின்றும், என்னால் முடியவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன், அதனால் யாருக்கு என்ன லாபம்.

சசி, நீ இதைப் படிக்கிறாய். அன்று டீக்கு மணி அடித்தபோது நான் ஷாஃப்டை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் பேட்சுக்குத்தான் சூடான ஏத்தக்காய் அப்பம் கிடைக்கும். தீர்ந்துவிடும் என்று, இறுக்கிய கையோடு சாவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். செல்லப்பன் சாருக்கும் அது தெரியும். அதனால்தான் என்னிடம் அவரால் அவ்வளவு மெதுவாகப் பேச முடிந்தது. நீ வந்தபோது உன் இரண்டு கையிலும் வெர்னியர் இருந்தது. அந்தச் சாவியை நீ தொடவே இல்லை.